'டக்' என்று ஒரு சத்தம், மோட்டர் சுற்றவில்லை: சொலனோய்ட் மாற்றுவதா, வயரைப் பார்ப்பதா?

கொட்டாஞ்சேனை150 | திங்கள், இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். என்னுடையது 150 சிசி இந்திய பைக், 2014 மொடல். கொஞ்ச நாளாக செல்ஃப் ஸ்டார்ட் மோட்டர் அடம் பிடிக்கிறது. பட்டனை அழுத்தினால் இடது பக்க மூடிக்குள் 'டக்' என்று ஒரே ஒரு சத்தம், அவ்வளவுதான். விட்டு விட்டு அழுத்தினால் சில நேரம் பிடித்துக்கொள்ளும். பற்றரி போன வருடக் கடைசியில் போட்டது. ஹோர்ன் நன்றாக அடிக்கிறது.

கிக்கர் இருப்பதால் சமாளிக்கிறேன். ஆனால் ஆமர் வீதிச் சந்தியில் எஞ்சின் நின்றால், நான் கிக்கரை விரித்து உதைக்கிற வரைக்கும் பின்னால் நிற்கிற பஸ்காரர் பொறுப்பாரா?

ஒரு கராஜில் கேட்டதற்கு, மூடியைக் கூடத் திறக்காமல் "மோட்டர் போயிட்டுது, முழுசா மாத்தணும்" என்றார்கள். இன்னொரு பாஸ் (மெக்கானிக்) சொலனோய்ட் என்கிறார், அதாவது பட்டனை அழுத்தும்போது பற்றரியை மோட்டரோடு சேர்க்கிற மின்காந்த சுவிட்ச். பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் விசாரித்தால் இரண்டு வகை காட்டுகிறார்கள். ஒன்று என் பைக்கில் இருப்பது போலவே இரண்டு மெல்லிய வயரும் கப்ளரும் (செருகி இணைக்கிற பிளக்) உள்ளது. மற்றது ஒரே ஒரு சின்னத் தகட்டு முனை மட்டும் உள்ளது, "எல்லாத்துக்கும் போகும்" என்கிறார்கள். முதலாவதற்கு மூன்று மடங்கு விலை. மலிவானதை வாங்கி நானே வயர் பண்ணலாமா?

கிக்கர்_மட்டும் | திங்கள், இரவு 9.20

கிக்கர் இருக்கிறதே, பிறகு என்ன கவலை. உதையுங்கள்.

வத்தளை_ரைடர் | திங்கள், இரவு 9.41

மச்சான், சொலனோய்ட்தான். எனக்கும் இதே டக் வந்தது, மாற்றினேன், சரியாயிற்று. யோசிக்காமல் வாங்கு.

மீற்றர்காரன் | திங்கள், இரவு 10.05

தம்பி, யோசித்துவிட்டே வாங்குங்கள். டக் என்று கேட்டால் சொலனோய்டின் கொயிலுக்கு (காந்தச் சுருளுக்கு) மின் போகிறது, உள்ளே இருக்கிற இரும்புத் தண்டு நகர்கிறது என்பது மட்டும்தான் உறுதி. அதற்குப் பிறகு என்ன நடக்கிறது என்று சத்தத்தை வைத்துச் சொல்ல முடியாது.

ஒரு கேள்வி. பட்டனை அழுத்தும்போது ஹெட்லைட் எப்படி நடந்துகொள்கிறது? நன்றாக மங்கினால் நிறைய மின்னோட்டம் எங்கேயோ போகிறது. பற்றரி பலவீனமாக இருக்கும், அல்லது மோட்டர் இறுகியிருக்கும். மங்காமல் டக் மட்டும் கேட்டால் மோட்டருக்கு மின்னோட்டமே போகவில்லை. டக்டக்டக் என்று வேகமாக அடித்தால் அது பெரும்பாலும் பற்றரிதான். கொயில் இழுக்கும், மோட்டர் மின்னை உறிஞ்சும், வோல்ட் விழும், கொயில் விட்டுவிடும், வோல்ட் ஏறும், திரும்ப இழுக்கும்.

கொட்டாஞ்சேனை150 | திங்கள், இரவு 10.18

ஒரே டக் தான் அண்ணா. லைட் மங்குவதாகவே தெரியவில்லை.

மீற்றர்காரன் | திங்கள், இரவு 10.52

அப்படியானால் வேலை சுலபம். ஒரு சாதாரண டிஜிட்டல் மீற்றர் போதும், 20 வோல்ட் டிசியில் வைத்துக்கொள்ளுங்கள். நியூட்ரலில் போட்டு நடு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். பட்டனை அழுத்த இன்னொருவர் இருந்தால் நல்லது.

முதலில் பற்றரியின் இரண்டு முனைகளிலும் பாருங்கள். சும்மா இருக்கும்போது 12.5க்கு மேல் இருக்க வேண்டும். மோட்டர் சுற்றும்போது 9.6க்குக் கீழே விழுந்தால் முதலில் பற்றரியைப் பார்க்க வேண்டும், மற்றதெல்லாம் பிறகு.

அடுத்து சொலனோய்டின் இரண்டு தடித்த முனைகளில் மீற்றரின் இரண்டு கம்பிகளையும் வையுங்கள். அழுத்தாதபோது பற்றரியின் முழு வோல்ட்டும் அங்கே காட்டும், பயப்பட வேண்டாம், மோட்டரின் சுருள் வழியாக மற்ற முனை ஏர்த்துக்கு (பற்றரி மைனஸோடு சேர்ந்த பைக்கின் உடலுக்கு) போய்க்கொண்டிருக்கிறது. அழுத்தும்போது அது கிட்டத்தட்டப் பூச்சியத்துக்கு வர வேண்டும். 0.2, 0.3 வரை ஏற்கலாம். அழுத்தியும் 12 அப்படியே நின்றால் உள்ளே இருக்கிற கொன்டாக்ட், அதாவது தண்டு தள்ளி இரண்டு தடித்த முனைகளையும் சேர்க்கிற செம்புத் தகடு, சேரவில்லை. ஒரு வோல்ட், இரண்டு வோல்ட் என்று நின்றால் சேருகிறது, ஆனால் கருகியிருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அழுத்தாமலே அங்கே பூச்சியம் காட்டினால், கொன்டாக்ட் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை என்றால், மோட்டரின் பிரஷ் (உள்ளே உரசுகிற கரித்துண்டு) தேய்ந்து தொடாமல் இருக்கிறது அல்லது மோட்டர் கேபிள் அறுந்திருக்கிறது. அப்போதுதான் அந்த கராஜ் சொன்னது சரியாக இருக்கலாம்.

மூன்றாவதை எல்லோரும் விட்டுவிடுவார்கள். கொயிலுக்குப் போகிற அந்த இரண்டு மெல்லிய வயருக்கும் நடுவே, கப்ளரைக் கழற்றாமல், பின்பக்கத்தால் ஊசி முனையை நுழைத்து, பட்டனை அழுத்திக்கொண்டு எத்தனை வோல்ட் என்று பாருங்கள். மூன்று எண்களையும் இங்கே போடுங்கள்.

மாளிகாவத்தை_நானா | செவ்வாய், காலை 6.35

இவ்வளவு எதுக்கு? அந்தக் காலத்தில் ஒரு பெரிய ஸ்குரூ டிரைவரை இரண்டு முனைக்கும் குறுக்கே வைப்போம். மோட்டர் சுற்றினால் சொலனோய்ட் போயிற்று. சுற்றாவிட்டால் மோட்டர் போயிற்று. ஒரு நிமிட வேலை. நாற்பது வருடம் இப்படித்தான் செய்தோம்.

மீற்றர்காரன் | செவ்வாய், காலை 7.10

நானா, அந்த ஒரு நிமிடத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். கியரில் இருந்தால் பைக் பாயும், கிளட்ச் சுவிட்ச், நியூட்ரல் சுவிட்ச் எதுவும் தடுக்காது. பல பைக்குகளில் சொலனோய்டுக்கு ஒரு சாண் தூரத்தில் காபரேட்டர் இருக்கிறது, பெற்றோல் குழாய் இருக்கிறது, பக்கத்திலேயே பற்றரி. முனையின் மரை உருகினால் நட் திரும்ப ஏறாது. மோட்டர் நல்லதா என்று அது சொல்லும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கொயிலுக்கு எத்தனை வோல்ட் வருகிறது என்று அது சொல்லாது.

மாளிகாவத்தை_நானா | செவ்வாய், காலை 7.22

எங்கட கையில் இருந்தது ஸ்குரூ டிரைவர் தம்பி, மீற்றர் இல்லை. சரி, புதுப் பிள்ளைகள் செய்ய வேண்டாம், அதை ஏற்கிறேன். ஆனால் வழியில் நின்றுவிட்டால் எது உதவும் என்று எனக்குத் தெரியும்.

கொட்டாஞ்சேனை150 | செவ்வாய், இரவு 8.30

அளந்தேன். தங்கை பட்டனை அழுத்தினாள்.

பற்றரி: சும்மா 12.6. அழுத்தும்போது 12.4.
தடித்த முனைகள்: சும்மா 12.6. அழுத்தினால் 12.3. டக் கேட்கிறது, எண் இறங்கவில்லை. ஒரு தடவை மட்டும் 1.5க்கு வந்தது, அப்போது மோட்டர் மெதுவாகச் சுற்றியது.
மெல்லிய வயர்கள்: அழுத்தும்போது 8.1.

அப்போ சொலனோய்ட்தானே?

வத்தளை_ரைடர் | செவ்வாய், இரவு 8.37

நான் திங்கட்கிழமையே சொன்னேன்.

மீற்றர்காரன் | செவ்வாய், இரவு 9.15

பாதி சரி, வத்தளை. கொன்டாக்ட் சேரவில்லை என்பது உண்மை. ஆனால் அந்த 8.1ஐப் பாருங்கள். பற்றரியில் 12.4 இருக்கும்போது கொயிலுக்கு 8.1 தான் வருகிறது. நாலு வோல்ட்டுக்கு மேல் வழியில் தின்னப்படுகிறது.

இப்படியான கொயில்கள் பொதுவாக நாலு ஓம் சுற்றுவட்டாரத்தில் இருக்கும். 12 வோல்ட் வந்தால் 3 ஆம்பியர் ஓடும், தண்டை ஓங்கி இழுத்துக் கொன்டாக்டில் அழுத்திப் பிடிக்கும். 8 வோல்ட் என்றால் 2 ஆம்பியர். தண்டு நகரும், டக் என்று கேட்கும், ஆனால் தகடு அழுத்தமாக உட்காராது. பல பத்து ஆம்பியர் ஓட வேண்டிய இடத்தில் தகடு லேசாகத் தொட்டால் பொறி பறக்கும், கருகும், அடுத்த தடவை இன்னும் மோசமாகத் தொடும். உங்கள் சொலனோய்ட் போனது இந்தக் காரணத்தால்தான் என்று நினைக்கிறேன். புதியதைப் போட்டால் உடனே வேலை செய்யும், கொஞ்சக் காலத்தில் அதுவும் இதே வழியில் போகும். பிறகு "மலிவுச் சாமான், தரமில்லை" என்று கடைக்காரரைத் திட்டுவோம்.

2 ஆம்பியரில் 4.3 வோல்ட் இழப்பு என்றால் அந்த வழியில் இரண்டு ஓமுக்கு மேல் தடை இருக்கிறது. அது சாவி சுவிட்ச், கில் சுவிட்ச் (எஞ்சினை நிறுத்துவது), ஸ்டார்ட் பட்டன், கிளட்ச் சுவிட்ச் என்ற நாலில் ஒன்று, அல்லது இடையில் ஒரு கப்ளர்.

எந்தப் பக்கம் என்று பிரியுங்கள். மீற்றரின் சிவப்பைப் பற்றரி பிளஸ்ஸில், கறுப்பைக் கொயிலின் பிளஸ் வயரில் வைத்து அழுத்துங்கள். பிறகு கொயிலின் மற்ற வயருக்கும் பற்றரி மைனஸுக்கும் நடுவே அதே மாதிரி.

கடலோரம் | செவ்வாய், இரவு 9.58

நான் வெள்ளவத்தையில், ரயில் பாதைக்கும் கடலுக்கும் பக்கத்தில் இருக்கிறேன். இங்கே கைப்பிடி சுவிட்சுக்குள் இருக்கும் செம்பு பச்சை பூத்துப் போவது சாதாரணம். உப்புக் காற்று, அதோடு மே மாதத்தில் தொடங்குகிற மழை. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு எல்லோரும் பழைய பைக்கையே இழுத்துக்கொண்டு ஓடினோம், பத்து வருட சுவிட்ச் எல்லாம் இப்போது இப்படித்தான் இருக்கும். பட்டனைத் திறந்து பார்க்காமல் ஒரு சதமும் செலவழிக்க வேண்டாம்.

கொட்டாஞ்சேனை150 | புதன், இரவு 8.05

பிளஸ் பக்கம் 3.8. மைனஸ் பக்கம் 0.5.

மீற்றர்காரன் | புதன், இரவு 8.20

அப்படியானால் தடை பிளஸ் பக்கத்தில். பல பைக்குகளில் கிளட்ச் சுவிட்ச் மைனஸ் பக்கம், அதை இப்போதைக்கு விடலாம். வலது கைப்பிடியைத் திறங்கள். பட்டனுக்குப் பின்னால் பேனா ஸ்பிரிங் அளவில் ஒன்று இருக்கும், அது பாயும். ஒரு பெரிய பொலித்தீன் பைக்குள் கைப்பிடியையும் கைகளையும் விட்டுக்கொண்டு திறந்தால், பாய்ந்தாலும் பொலித்தீனுக்குள் விழும். மிக மெல்லிய அரத்தாள், பிறகு கொன்டாக்ட் கிளீனர். கத்தியால் சுரண்ட வேண்டாம்.

வத்தளை_ரைடர் | புதன், இரவு 8.44

எதுக்கு மச்சான் இந்தத் தொல்லை? ஹோர்னுக்குப் போடுகிற நாலு முனை ரிலே (மின்னால் இயங்கும் சின்ன சுவிட்ச்) ஒன்று வாங்கு, 30 ஆம்பியர் என்று எழுதியிருக்கும். சொலனோய்டுக்குப் பதிலாக அதையே போடு. தனியாக ஒரு பட்டன் பொருத்து. பழைய வயரைத் தொடவே வேண்டாம்.

மீற்றர்காரன் | புதன், இரவு 9.30

வத்தளை, சொலனோய்டுக்குப் பதிலாகவா? வேண்டவே வேண்டாம். செல்ஃப் மோட்டர் புறப்படும் கணத்தில் இழுப்பது அந்த 30 ஆம்பியரை விட எவ்வளவோ அதிகம். அந்தச் சின்னக் கொன்டாக்ட் உருகி ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டால் பட்டனை விட்டாலும் மோட்டர் நிற்காது. சாவியை மூடினாலும் நிற்காது, தடித்த கேபிள் சாவி வழியாகப் போவதில்லை.

ஆனால் அதே ரிலேயை வேறு இடத்தில் போடலாம், அதில் உங்கள் யோசனை நல்லதுதான். பட்டனுக்கும் சொலனோய்டுக்கும் நடுவே. பட்டன் ரிலேயை இயக்கும், ரிலே சொலனோய்டின் கொயிலை இயக்கும். அப்போது பட்டன் வழியாக 3 ஆம்பியருக்குப் பதிலாக ஒரு ஆம்பியரில் ஆறில் ஒரு பங்கு போலத்தான் ஓடும். பட்டனில் கொஞ்சம் தடை இருந்தாலும் வோல்ட் விழாது. ரிலேயின் அடியில் எண் அடித்திருக்கும்: பட்டனிலிருந்து வரும் வயர் 86க்கு. பற்றரி பிளஸ்ஸிலிருந்து 10 ஆம்பியர் பியூஸ் வழியாக 30க்கு. 87இலிருந்து சொலனோய்டின் கொயிலுக்கு. 85ஐ எங்கே கொடுக்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். சேசியில் ஒரு போல்ட்டைப் பார்த்து முறுக்கிவிட்டுப் போகாதீர்கள். முன்பு கொயிலின் மைனஸாக இருந்த வயர் கிளட்ச், நியூட்ரல் சுவிட்சுகளுக்குப் போகிறது என்றால், 85ஐ அந்த வயரிலேயே கொடுங்கள். சொலனோய்டின் மைனஸையும் அதிலேயே விடலாம். அப்போது கியரில் பைக் பாயாது.

சுவிட்ச் புதிதாக வாங்கக் கிடைக்காத பழைய பைக்குக்கு இது நல்ல வழி. கொட்டாஞ்சேனையின் பைக்குக்கு இப்போது தேவையில்லை.

மாளிகாவத்தை_நானா | புதன், இரவு 9.52

ஒட்டிக்கொள்கிற விசயம் உண்மை. பேஸ்லைன் வீதியில் ஒருவர் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார், மோட்டர் சுற்றிக்கொண்டே இருக்கிறது, கேபிளில் புகை. சனம் சுற்றி நின்று தண்ணீர் ஊற்றச் சொல்லுது. பற்றரி மைனஸைக் கழற்றினால்தான் நிற்கும். சீட்டுக்கு அடியில் ஒரு 10 மில்லிமீற்றர் ஸ்பானர் எப்போதும் இருக்கட்டும்.

கொட்டாஞ்சேனை150 | வியாழன், இரவு 9.10

பட்டனைத் திறந்தேன். பொலித்தீன் பை யோசனைக்கு நன்றி அண்ணா, ஸ்பிரிங் பாய்ந்தது, பொலித்தீனுக்குள்தான் விழுந்தது. உள்ளே இரண்டு செம்பு நாக்கு. ஒன்றின் நுனியில் பச்சைத்தூள், மற்றதில் நடுவே கறுப்பாக ஒரு குழி. துடைத்து, தேய்த்துப் பூட்டினேன்.

இப்போது பிளஸ் பக்க இழப்பு 0.4. டக் சத்தமே மாறிவிட்டது, முன்பு நகத்தால் தட்டுவது போல இருந்தது, இப்போது சுத்தியல். மோட்டரும் சுற்றுகிறது! ஆனால் சோம்பலாக. சுற்றும்போது பற்றரி 10.9, சொலனோய்டின் தடித்த முனைகளுக்கு நடுவே 1.3.

கடலோரம் | வியாழன், இரவு 9.25

அந்த 1.3 கருகின கொன்டாக்ட். இனி வாங்கலாம்.

மீற்றர்காரன் | வியாழன், இரவு 9.47

ஆம், இப்போது வாங்கலாம், அந்த இரண்டு வயர் உள்ளதை. மலிவானதைப் பற்றிக் கேட்டீர்களே, விலை மட்டும் வித்தியாசம் இல்லை.

கொயிலுக்கு இரண்டு முனை வேண்டும், ஒன்றில் பிளஸ், மற்றதில் ஏர்த். ஒரே தகட்டு முனை உள்ள சொலனோய்டில் மற்ற முனை உள்ளேயே உடலோடு சேர்த்திருக்கிறது. பொருத்தும் தகட்டையும் போல்ட்டையும் வழியாக வைத்துத்தான் ஏர்த் எடுக்கும். மீற்றரை ஓமில் வைத்து அந்த முனைக்கும் பொருத்தும் தகட்டுக்கும் நடுவே அளந்தால் நாலு ஓம் போலக் காட்டும். இரண்டு வயர் உள்ளதில் வயர்களுக்கு நடுவே நாலு ஓம், எந்த வயருக்கும் உடலுக்கும் நடுவே ஒன்றும் காட்டாது.

இப்போது பைக்கின் பக்கம். பல ஹொண்டாக்களில் பட்டன் பிளஸ்ஸை அனுப்புகிறது, மஞ்சளில் சிவப்புக் கோடு போட்ட வயர். கொயிலின் மற்ற முனை பச்சையில் சிவப்புக் கோடு போட்ட வயரில் கிளட்ச் சுவிட்சுக்கும், ஒரு டயோடு (மின்னை ஒரு பக்கம் மட்டும் விடுகிற சின்னச் சாமான்) வழியாக நியூட்ரல் சுவிட்சுக்கும் போய் ஏர்த் ஆகிறது. இந்த வகை பைக்கில் உடல் ஏர்த் சொலனோய்டைப் போட்டால் அது வேலை செய்யும், அதுதான் ஆபத்தே. பச்சை வயர் சும்மா தொங்கும், கிளட்ச் பிடிக்காமல் முதலாம் கியரில் பட்டனை அழுத்தினால் பைக் முன்னால் பாயும். வீட்டு வாசலில் பிள்ளை ஏறி உட்கார்ந்து பட்டனை அழுத்தினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

பல யமஹாக்களில் தலைகீழ். பிளஸ் முதலிலேயே கொயிலில் காத்திருக்கும், பட்டன் ஏர்த் பக்கத்தில் இருக்கிறது. அங்கே இந்த மலிவுச் சாமானைப் போட்டு பட்டன் வயரை அதன் முனையில் கொடுத்தால் ஒன்றுமே நடக்காது. மற்ற வயரைக் கொடுத்தால் நியூட்ரலில் சாவியைத் திருப்பின உடனேயே மோட்டர் சுற்றத் தொடங்கும்.

இன்னொரு தொல்லை, ரப்பர் உறைக்குள் செருகி வைக்கிற பைக்குகளில் உடலுக்கு ஏர்த் கிடைக்காது. அப்போது டக் கூட வராது.

கொட்டாஞ்சேனை150 | வியாழன், இரவு 10.01

என் பைக் எந்த வகை என்று எப்படிப் பார்ப்பது? வயர் நிறம் பாதி மங்கிவிட்டது.

மீற்றர்காரன் | வியாழன், இரவு 10.14

நிறத்தை நம்ப வேண்டாம், அதுவும் இடையில் யாராவது கை வைத்த பைக் என்றால் கேட்கவே வேண்டாம். கப்ளரைக் கழற்றி பைக் பக்க முனைகளில் பாருங்கள். சாவி போட்டு, நியூட்ரலில், மீற்றரின் கறுப்பைப் பற்றரி மைனஸில் வைத்து ஒவ்வொரு முனையாகத் தொடுங்கள். பட்டனை அழுத்தும்போது மட்டும் 12 வந்தால் அது பட்டன் வயர், பிளஸ் பக்க வகை. அழுத்தாமலே 12 நின்றால் பட்டன் ஏர்த் பக்கத்தில் இருக்கிறது.

வத்தளை_ரைடர் | வெள்ளி, பகல் 12.40

சரி நானும் கேட்கிறேன். டயோடு ஒன்று கொயிலுக்குக் குறுக்கே போடச் சொல்கிறார்களே, அது அவசியமா?

மீற்றர்காரன் | வெள்ளி, பகல் 1.15

பட்டனை விடும்போது கொயிலில் தேங்கிய காந்த சக்தி ஒரு உயர் வோல்ட் உதையாகத் திரும்பி வரும். பட்டன் கொன்டாக்டில் பொறி பறந்து குழி விழுவதற்கு அதுவும் ஒரு காரணம். கொட்டாஞ்சேனை பார்த்த கறுப்புக் குழி அதுவாக இருக்கலாம். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் எந்த இலத்திரனியல் கடையிலும் 4007 டயோடு கிடைக்கும், டீ குடிக்கிற காசு கூட ஆகாது. வெள்ளைக் கோடு உள்ள முனை கொயிலின் பிளஸ் பக்கம். மாற்றிப் போட்டால் பட்டனை அழுத்தின உடனே குறுக்கு மின் ஓடி பியூஸ் போகும். சில புதுச் சொலனோய்டுகளில் டயோடு உள்ளேயே இருக்கும், அப்படியானவற்றில் வயரை மாற்றிப் போடக் கூடாது. டயோடு இல்லாத வெறும் கொயிலுக்குப் பக்கம் கிடையாது.

கடலோரம் | வெள்ளி, பகல் 1.48

பூட்டும்போது கேபிள்களையும் பாருங்கள். தடித்த கேபிளின் முனையில் உறையை அரை அங்குலம் வெட்டிப் பார்த்தால் உள்ளே செம்பு கறுத்திருக்கும், உப்பு உள்ளே ஊறிப் போயிருக்கும். பளிச்சென்ற செம்பு வரும்வரை வெட்டி, புது லக் (போல்ட்டில் மாட்டுகிற வளைய முனை) போட்டு நசுக்குங்கள். வெறும் டேப் சுற்ற வேண்டாம், எஞ்சின் சூட்டில் பசை இளகி வழியும், சூட்டில் சுருங்குகிற குழாய் நல்லது.

கேபிளே மாற்றுவதானால் குறைந்தது 10 சதுர மில்லிமீற்றர். வீட்டு வயரிங்கில் மிஞ்சின 7/0.67 வயரை செல்ஃப் கேபிளாகப் போட்ட பைக்கைப் பார்த்திருக்கிறேன். அது 2.5 சதுர மில்லிமீற்றர்தான். 70 ஆம்பியர் ஓடினால் ஒரு மீற்றரில் கிட்டத்தட்ட அரை வோல்ட் போகும்.

மாளிகாவத்தை_நானா | வெள்ளி, மாலை 5.30

கழற்றும்போது பற்றரி மைனஸ் முதலில், பூட்டும்போது மைனஸ் கடைசியில். பிளஸ்ஸைக் கழற்றும் ஸ்பானர் சேசியில் பட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. சொலனோய்டின் செம்பு முனை மெலிந்தது. அடியில் இருக்கிற நட்டை ஒரு ஸ்பானரால் பிடித்துக்கொண்டு மேல் நட்டை முறுக்கு. சும்மா முறுக்கினால் முனையே உள்ளே சுழலும், புதுச் சாமான் பூட்டும்போதே முடிந்துவிடும். பலத்தைக் காட்ட வேண்டாம்.

மீற்றர்காரன் | வெள்ளி, மாலை 6.02

நானா சொன்னதுடன் ஒன்று சேர்க்கிறேன். பிரதான பியூஸ் சொலனோய்டின் தலையிலேயே இருக்கும் வகை என்றால், பற்றரி கேபிளும் மோட்டர் கேபிளும் இடம் மாறக் கூடாது. முனைக்குப் பக்கத்தில் பி என்றும் எம் என்றும் ஆங்கில எழுத்து இருக்கும், பி பற்றரிக்கு, எம் மோட்டருக்கு. மாறினால் பியூஸுக்கு மோட்டர் பக்கத்திலிருந்து மின் வர வேண்டியிருக்கும், அதாவது சாவி போட்டாலும் முழு பைக்கும் செத்தது போல இருக்கும். பியூஸ் இல்லாத வெறும் சொலனோய்டில் எது எங்கே இருந்தாலும் வேலை செய்யும்.

கொட்டாஞ்சேனை150 | ஞாயிறு, பிற்பகல் 3.20

போட்டாயிற்று. என்னுடையது பட்டன் பிளஸ் பக்க வகை. இரண்டு வயர் உள்ளதையே வாங்கினேன், கப்ளர் அப்படியே பொருந்தியது, ஒரு வயரும் வெட்டவில்லை. டயோடும் போட்டேன். மோட்டர் கேபிளின் லக்கில் வெள்ளைப் பூஞ்சணம் மாதிரி இருந்தது, தேய்த்து வாசலின் பூசிப் பூட்டினேன்.

இப்போது மோட்டர் சுற்றும்போது தடித்த முனைகளுக்கு நடுவே 0.1. பற்றரி 10.5. கொயிலில் 9.9. தொட்டவுடன் பிடிக்கிறது. முதலாம் கியரில் கிளட்ச் பிடிக்காமலும் அழுத்திப் பார்த்தேன், முன்சக்கரத்தைச் சுவரில் முட்டக் கொடுத்துவிட்டுத்தான், சத்தமே இல்லை.

பழையதைத் திறந்து பார்த்தேன். உள்ளே கால் ரூபாய்க் குற்றி அளவில் ஒரு செம்புத் தகடு. விளிம்பில் எதிரெதிராக இரண்டு இடம் மட்டும் கரியாகி, புள்ளி புள்ளியாக அரித்திருக்கிறது. நடுவில் புதுசு போல மினுங்குகிறது. அதைத் திருப்பிப் போட்டால் இன்னும் ஓடுமா?

மாளிகாவத்தை_நானா | ஞாயிறு, பிற்பகல் 3.41

ஓடும். கால் திருப்பு திருப்பி, அந்த இரண்டு முனையின் தலையையும் அரத்தால் சமப்படுத்திப் பூட்டு. நாங்கள் அப்படித்தான் செய்தோம். ஆனால் இப்போதைய சாமான்களில் மூடியை நசுக்கி அடைத்திருக்கிறார்கள், திரும்பப் பூட்டினாலும் தண்ணீர் போகும். அவசரத்துக்கு வைத்திரு.

கிக்கர்_மட்டும் | ஞாயிறு, பிற்பகல் 4.05

இவ்வளவு நேரத்தில் நான் கண்டிக்கு உதைத்தே போயிருப்பேன்.

வத்தளை_ரைடர் | ஞாயிறு, இரவு 8.15

எல்லோரும் அளக்கிறீர்கள் என்று நானும் என் பைக்கை அளந்தேன். போன வருடம் மாற்றின சொலனோய்ட் 0.1, கொயில் நல்லாக இருக்கிறது. ஆனால் பற்றரி மைனஸுக்கும் எஞ்சின் பிளொக்குக்கும் நடுவே, மோட்டர் சுற்றும்போது 0.9 காட்டுகிறது. காலையில் கொஞ்சம் சோம்பலாகச் சுற்றுகிறது என்று நானும் பற்றரியைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

மீற்றர்காரன் | ஞாயிறு, இரவு 8.33

பற்றரியை வாங்கிவிடாதீர்கள். எஞ்சினுக்கு வரும் கறுப்புக் கேபிளின் போல்ட்டைக் கழற்றுங்கள். எஞ்சினுக்கு பெயின்ட் அடித்திருந்தால் லக்குக்கு அடியில் பெயின்ட் இருக்கும், அதைப் பளிச்சென்று தெரியும்வரை சுரண்டுங்கள். லக்கின் இரு முகத்தையும் தேய்த்து, பல் வோசர் போட்டு முறுக்கிவிட்டுத் திரும்ப அளந்து போடுங்கள். 0.2க்குள் வந்தால் போதும். வராவிட்டால் அந்தக் கேபிளின் மற்ற முனை, பற்றரிப் பக்கம்.